மரக் கொட்டகைச் சுவரில் ஈரம், உதவுங்கள்

வீட்டுக்குப் பின்னால் 10க்கு 8 அடியில் மரக் கொட்டகை. 12 மி.மீ. பலகைச் சுவர், 50 மி.மீ. சட்டம். ஹீட்டர் கிடையாது. கையில் காசும் கம்மி.

குளிர்காலத்துக்கு முன் சட்டங்களுக்கு நடுவே 25 மி.மீ. தெர்மோகோலை வெளிப்பலகையோடு ஒட்டியே வைத்து, மேலே பிளைவுட் அடித்தேன். அதுதான் தப்போ என்னவோ. மூன்றே மாதத்தில் கீழ் மூலை உப்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி, தொட்டால் பிசுபிசுப்பு.

கூரை ஒழுகவில்லை, தண்ணீர் ஊற்றியே பார்த்தேன். பலகை இடுக்குகளை சிலிக்கான் வைத்து அடைத்தேன். அப்புறம் ஈரம் இன்னும் கூடியது.

இப்போது எல்லாம் பிரித்தாயிற்று. இந்த முறை தெர்மோகோலுக்கு வெளியே 25 மி.மீ. காற்று இடைவெளி விடப்போகிறேன். ஹீட்டரே இல்லாத இடத்தில் பிளைவுட்டுக்குப் பின்னால் ஈரத்தைத் தடுக்க பாலிதீன் ஷீட்டும் வேண்டுமா?