தொழில்-நிறுவன உளவியல்: ஊழியர் பக்கம் நிற்கும் வேலையா, நிர்வாகத்தின் பக்கம் நிற்கும் வேலையா?

மாலைவெயில்:
உளவியலில் இளங்கலை முடிக்கப்போகிறேன். முதுகலையில் தொழில்-நிறுவன உளவியலை, அதாவது வேலையிடத்தில் மனிதர்களை ஆராயும் உளவியலை, எடுக்க ஆசை. வேலை செய்யும் இடம் மனிதர்களை வதைக்காமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் தெரிந்தவர் ஒருவர், "மனிதவளத் துறைக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். உண்மையா?

உளிமுனை:
பெரும்பாலும் உண்மை. சம்பளம் தருவது யார் என்று பாருங்கள். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹ்யூகோ மியூன்ஸ்டர்பெர்க் 1913இல் எழுதிய நூல் கேட்டது மூன்று கேள்விகளை: வேலைக்கு ஏற்ற ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, அவரிடம் எப்படிச் சிறந்த வேலை வாங்குவது, வாடிக்கையாளர் மனத்தில் எப்படி விளைவை உண்டாக்குவது. அமெரிக்காவின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய ஆய்வும் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத்தான் போனது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். ஆள் போதவில்லை என்று பலரும் எழுதினோம். தியானப் பயிற்சி வந்தது; கூடுதல் ஆள் வரவில்லை.

நூற்கண்டு:
இந்தத் துறையில் வேலை செய்பவள் நான். நீங்கள் சொன்ன தியானப் பயிற்சிக் கதை எனக்கும் கோபமூட்டுகிறது. ஆனால் அது எங்கள் துறை சொன்னதை நிர்வாகம் காதில் வாங்காததன் விளைவு.

பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி டிரிஸ்ட், பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் எழுதிய ஆய்வைப் பாருங்கள். பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். இயந்திரங்கள் வருவதற்கு முன் சிறு குழுக்கள் ஒரு வேலையை முழுவதுமாகத் தாங்களே செய்தன. யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். புதிய முறையில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு துண்டு வேலை. முந்தைய ஷிப்ட் அரைகுறையாக விட்டதை அடுத்த ஷிப்ட் சுமந்தது. பழியும் பகையும் வளர்ந்தன, வேலைக்கு வராதவர்கள் பெருகினார்கள். ஆய்வாளர்கள் தொழிலாளியின் மனநிலையைத் திருத்தச் சொல்லவில்லை. வேலையைப் பிரித்த முறையில்தான் கோளாறு என்றார்கள். எங்கள் வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உளிமுனை:
சுரங்க ஆய்வை மதிக்கிறேன். பிறகு எத்தனை நிறுவனங்கள் வேலையைப் பிரிக்கும் முறையை மாற்ற இடம் தந்தன? பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு, தன் வேலையின் மீது கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. உயிர் போகிற விஷயம் இது. நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதித் தருவதா இதற்கு மருந்து? சட்டமும் தொழிற்சங்கமும் வேண்டும்.

கரிசல்மழை:
இரண்டு பேரும் பெரிய பெரிய ஆய்வுகளுக்குப் போய்விட்டீர்கள். கேட்டவர் ஒரு மாணவர். அன்றாட வேலையில் பாதி புள்ளியியல்தான், எண்களைக் கண்டு ஒதுங்குபவர் என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு என்னென்ன தேவை என்று பிரித்துப் பார்க்கும் வேலைப் பகுப்பாய்வு, ஆள்தேர்வு, பயிற்சியால் பலன் உண்டா என்று அளப்பது, இவைதான் பெரும்பகுதி. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வு, யார் நன்றாக வேலை செய்வார் என்பதை மனம்போனபடி பேசும் தேர்வைவிடச் சரியாகக் கணிக்கிறது. சிபாரிசு இல்லாதவருக்கு அது பெரிய உதவி.

மாலைவெயில்:
எண்கள் பயமில்லை. என் பயம் வேறு. கருத்துக்கணிப்பில் ஒருவர் மனம் திறந்து எழுதியது மேலதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால்?

நூற்கண்டு:
அதற்கு நீங்கள்தான் காவல். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் விடைகளைத் தனியாகக் காட்டுவதில்லை என்பது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். எழுத்தில் வந்த கருத்துகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட வேண்டும். இந்த நிபந்தனைகளைக் கணிப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். விடைகள் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

உளிமுனை அவர்களே, சட்டமும் சங்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் எந்த வேலைமுறை உடலைக் கெடுக்கிறது என்று அளந்து காட்ட ஆள் வேண்டாமா? வெறும் கையோடு பேச்சுவார்த்தைக்குப் போக முடியாது.

உளிமுனை:
அளப்பவர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவர் சங்கத்திடமோ அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடமோ சம்பளம் வாங்கட்டும். மாணவருக்கு என் கேள்வி இதுதான்: "ஆள் பற்றாக்குறையைப் பற்றி மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள்" என்று நிறுவனம் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மாலைவெயில்:
எழுதுவேன். இல்லையென்றால் அந்த அறிக்கையில் என் பெயர் இருக்காது. அரசின் பாதுகாப்புத் துறைகளில் இந்தப் படிப்புக்கு இடம் உண்டா என்று விசாரிக்கப்போகிறேன். அது எனக்குத் தோன்றாத வழி.

நூற்கண்டு:
உண்டு. வேலையிட மன அழுத்தத்தை ஆய்வு செய்யும் அரசு நிறுவனங்கள் சில நாடுகளில் இருக்கின்றன, பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) ஒன்று. பணியிட உடல்நல உளவியல் என்ற கிளையைத் தேடிப் பாருங்கள். விண்ணப்பம் எழுதும்போது தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.