வெர்க்ளெம்ப்ட்: எங்கே எதிர்ப்பட்டது, தமிழில் என்ன போட்டீர்கள்?

உணர்ச்சி மிகுந்து பேச்சு வராமல் போவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் 'வெர்க்ளெம்ப்ட்' (verklempt). அமெரிக்கத் தொடர்களின் தமிழ் சப்டைட்டிலில் இது வந்தால் பெரும்பாலும் 'உணர்ச்சிவசப்பட்டேன்' என்றுதான் போடுகிறார்கள். வேண்டாம். உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஓங்குகிறவரும் தமிழில் உண்டு. இதில் கோபத்துக்கு இடமே கிடையாது. மகள் கல்யாணத்தில் பேச எழுந்த அப்பாவுக்கு இரண்டாவது வரியிலேயே குரல் நின்றுபோகிறதே, அது. 'தொண்டை அடைச்சுக்கிச்சு', 'பேச்சே வரல' பொருந்தும். கதைநடை என்றால் 'நா தழுதழுத்தது'. 'நெஞ்சை அடைக்குது' மட்டும் ஆபத்து. மாரடைப்பு என்று படித்துவிடுவார்கள்.

*

தொண்டை என்று பிடித்தது மிகச் சரி. இந்தச் சொல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷிலிருந்து வந்தது; அங்கே இது 'ஃபர்க்ளெம்ட்'. 'க்ளெமென்' என்றால் இறுக்குதல், நெரித்தல். இடுக்கியில் அகப்பட்டது போன்ற நிலை.

யிட்டிஷ் எழுத்தில் 'ப்' இல்லை என்பதைக் கவனியுங்கள். அது ஆங்கிலத்தில் முளைத்தது. 'ம்' சொல்லும்போது உதடு மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். அடுத்த 'ட்'டுக்காக மூக்குவழி கொஞ்சம் முந்தி அடைபட்டால், உதடு திறக்கிற கணத்தில் ஒரு 'ப்' வெடிக்கும். 'எம்ப்டி' என்ற சொல்லில் 'ப்' புகுந்ததும் இப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. முதலெழுத்து ஜெர்மன் பாணியில் 'வி' ஆனதால் பலர் 'வெர்' என்கிறார்கள். மூல ஒலி 'ஃப'தான்.

யிட்டிஷ் கதையை நேரடியாக மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: அங்கே ஆனந்தக் கண்ணீரைவிட, துக்கம் அழுத்தும் மனப்பாரமே முன்னால் நிற்கும். 'நெகிழ்ந்தான்' என்று எழுதினால் காட்சியே மாறிவிடும்.

*

ஜெர்மன் 'ஃபெர்க்ளெம்ட்' இன்னொரு பொறி. இன்றைய ஜெர்மனில் அது கூச்சத்தால் இறுகிப்போனவரைக் குறிக்கும். இதற்கு நெருங்கிய உறவு 'பெக்ளெம்ட்', அதாவது நெஞ்சு இறுகிய நிலை. நான்கு தந்தி வாத்தியங்களுக்காக பீத்தோவன் எழுதிய ஓபஸ் 130 நால்வர் இசையில், ஐந்தாம் பகுதியான கவாட்டினாவின் நடுவே அந்த ஒற்றைச் சொல் குறிப்பாக நிற்கிறது. கீழே மற்ற மூன்று வாத்தியங்கள் சீராகத் துடிக்க, முதல் வயலின் தாளத்தோடு ஒட்டாமல் விட்டுவிட்டு, விக்கி விக்கி வரும். ஃபர்க்ளெம்ட் என்னவென்று புரிய அகராதியைவிட அந்தச் சில நொடிகளைக் கேட்கச் சொல்வேன்.

*

அமெரிக்காவில் யூதரல்லாதார் வாயிலும் இது பரவியது 1990களில். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் 'காஃபி டாக்' பகுதியில் மைக் மையர்ஸ் ஏற்ற லிண்டா ரிச்மேன் பாத்திரம் பேச்சின் நடுவே நெஞ்சில் கைவைத்து, தனக்கு வெர்க்ளெம்ப்ட் ஆகிவிட்டது என்று சொல்லி, மற்றவர்களைத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கச் சொல்லும். ஆகவே கைவிரல்களை விசிறியாக்கி ஒரு பாத்திரம் இதைச் சொன்னால், துக்கமாக மொழிபெயர்க்கக் கூடாது. 'அய்யோ, தொண்டையே அடைச்சிடுச்சு, நீங்க பேசிட்டிருங்க' என்று பேச்சுவழக்கில் விடுங்கள். கை அசையாமல், குரல் மட்டும் உடைந்தால் 'பேச்சே வரல' போதும்.