ஃபங்ஷன் பெயரை கான்ஃபிக் ஃபைலில் எழுத விடலாமா?

கட்டளைவரி: என் பைதான் லைப்ரரியில நாற்பது ஃபங்ஷன் இருக்கு. ஒவ்வொண்ணையும் கமாண்ட் லைன்ல கூப்பிட, ஆர்க்பார்ஸ் மாட்யூல்ல தனித்தனியா சப்கமாண்ட் எழுதி மாளல. அதனால ஃபங்ஷன் பெயரையும் அதுக்கான மதிப்புகளையும் பயனரே யாம்ல் ஃபைல்ல, அதாவது செட்டிங்ஸ் எழுதுற உரை ஃபைல்ல, எழுதட்டும்னு விட்டுட்டேன். பைதானோட இம்போர்ட்லிப் அந்த மாட்யூலை ஏத்தும், கெட்ஆட்டர் பெயரை வச்சு ஃபங்ஷனை எடுத்துக் கொடுக்கும். பத்தே வரி. பைதான் தெரியாதவங்களும் இப்ப மொத்த லைப்ரரியையும் பயன்படுத்துறாங்க. இதுல என்ன தப்பு?

பழையநிரலர்: எந்தப் பெயர் கொடுத்தாலும் ஏத்துவீங்கன்னா, எந்த ஷெல் கட்டளையையும் ஓட்டுற 'ஓஎஸ்.சிஸ்டம்'னு எழுதினா அதையும் ஓட்டுவீங்க. யாம்லைப் படிக்கிற பையாம்ல் லைப்ரரி விழுந்த பள்ளம் இதுதான். அதோட லோட் ஃபங்ஷன், ஃபைலைப் படிக்கும்போதே வேற கோடை ஓட்ட வழி விட்டுச்சு. 2019-ல 5.1 வெர்ஷன் எச்சரிச்சது, 6.0-ல லோடர் (ஃபைல்ல எதையெல்லாம் அனுமதிக்கணும்னு தீர்மானிக்கிறது) எதுன்னு சொல்லாம கூப்பிடவே முடியாது.

கட்டளைவரி: பயனர் கையில ஷெல்லே இருக்குங்க. ஃபைலை அழிக்கணும்னா ஆர்எம் அடிச்சுட்டுப் போறார். அதுக்கு என் யாம்ல் எதுக்கு?

பழையநிரலர்: அவரே எழுதின ஃபைல்னா நீங்க சொல்றது சரி. ஆனா கான்ஃபிக் கைமாறும். ஷெல் ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்காம ஓட்டாதவர்கூட, கூட வேலை பார்க்கிறவர் அனுப்பின யாம்லை அப்படியே கொடுத்துடுவார். வெறும் செட்டிங்ஸ்தானேன்னு நம்புறார். அந்த நம்பிக்கையைத்தான் நீங்க உடைக்கிறீங்க.

சோதனைக்காரி: என் கவலை வேற. உள்ளே ஒரு ஃபங்ஷனை ரீநேம் பண்ணினா அத்தனை பேர் ஃபைலும் உடையும். ஃபங்ஷனுக்கு மேல டெகரேட்டர்னு ஒரு குறிப்பு வரி போட்டு, வெளியே தெரியவேண்டியதை மட்டும் தனிப் பெயர்ல பதிவு பண்ணுங்க. மதிப்புகளோட வகையையும், ஃபங்ஷன்ல எழுதியிருக்கிற டைப் ஹின்ட்டை (எண்ணா, உரையான்னு சொல்றது) வச்சுச் சரிபாருங்க. நாட்டுக் குறியீட்டுப் பட்டியல்ல நார்வே மட்டும் ஏன் வரலைன்னு அரை நாள் தேடியிருக்கேன். நார்வேயோட குறியீடு 'நோ' (NO); மேற்கோள் இல்லாத அதை 'இல்லை'ன்னு எடுத்து பையாம்ல் 'ஃபால்ஸ்' ஆக்கிடுது. 3.10-னு எழுதின வெர்ஷனும் அப்படித்தான், எண்ணா எடுத்து 3.1 ஆகிடும்.

கட்டளைவரி: டெகரேட்டர் சரி, ஃபங்ஷனுக்கு ஒரு வரிதானே, போட்டுடறேன். ஆனா பயனர் தானே எழுதின ஃபங்ஷனைச் சேர்க்கணும்னா?

பழையநிரலர்: நிறுவின பேக்கேஜ் தன் ஃபங்ஷனை அறிவிக்கிற என்ட்ரி பாயிண்ட் இருக்கே. பேக்கேஜாக்கி பிப்ல நிறுவட்டும். கோடை உள்ளே விடுறோம்னு தெரிஞ்சே செய்வார்.

கட்டளைவரி: ஆறு வரி ஃபங்ஷனுக்குப் பேக்கேஜா? அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஃபைல் பாதையை யாம்ல்ல இல்லாம, 'பிளகின்'னு ஒரு ஆப்ஷனா கமாண்ட்லயே கொடுக்கட்டும். கையால அடிக்கிறவருக்குத் தான் எதை ஓட்டுறோம்னு தெரியும்.

சோதனைக்காரி: அப்படின்னா எனக்குச் சம்மதம்.