வேலைச்சோர்வு வினாக்கொத்து தமிழில் யாரிடமாவது உண்டா?

வணக்கம். மட்டக்களப்பில் சிறுவர் சத்திரசிகிச்சை விடுதிகளில் வேலை செய்யும் தாதியரின் மனநலம் பற்றி ஒரு சிறு ஆய்வு செய்யப் போகிறேன். குடலடைப்பு, குடல்வால் அழற்சி என்று வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்து வரும் சின்னப் பிள்ளைக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது. அழுகையை வைத்தே கணிக்க வேண்டும். பக்கத்தில் தாயும் அழுதுகொண்டு நிற்பார். இரவு டியூட்டியில் இது ஆளை உருக்கிவிடும்.

வேலையால் ஆள் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று அளக்கும் கோபன்ஹேகன் வேலைச்சோர்வு வினாக்கொத்தை (Copenhagen Burnout Inventory) எடுக்க நினைக்கிறேன். 19 கேள்விகள், கட்டணமில்லை. இதே விஷயத்தை அளக்கும் மாஸ்லாக் (Maslach) வினாக்கொத்துக்கு உரிமம் வாங்க வேண்டும், கைக்காசு காணாது. இலங்கைத் தமிழில் சரிபார்த்த பிரதி யாரிடமாவது உண்டா? இந்தியத் தமிழ் என்றாலும் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம், அம்பாறை, கல்முனைப் பக்கம் இப்படி ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி எடுத்தவர்கள் இருந்தால், என்னென்ன படிவம் கேட்டார்கள் என்று இன்பொக்ஸில் சொல்லுங்கோ.