ஆர்ஓஎஸ் 2: வேறு கணினியிலுள்ள நோடுகள் தென்படவில்லை

கேள்வி:
ரோபோ மென்பொருள் கட்டமைப்பான ஆர்ஓஎஸ் 2-ஐப் பயன்படுத்துகிறேன். ரோபோவிலுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும் என் மடிக்கணினியும் ஒரே வைஃபையில் இணைந்து, ஒன்றையொன்று பிங் செய்தாலும், ஒன்றில் இயங்கும் நோடுகள் (ரோபோவின் தனித்தனி நிரல்கள்) மற்றதில் தென்படுவதில்லை. எதை முதலில் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
ஆர்ஓஎஸ் 2-இல் நோடுகளை இணைத்துவைக்கும் மைய மாஸ்டர் கிடையாது. அதன் அடியிலுள்ள தரவுப் பரிமாற்ற அடுக்கான டிடிஎஸ், இயல்பாக மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்புதல்) மூலமே நோடுகளைக் கண்டறிகிறது. பிங் யூனிகாஸ்ட் (ஒரு கணினிக்கு மட்டும் அனுப்புதல்) என்பதால், அது வெற்றி பெறுவது மல்டிகாஸ்ட் கடந்து செல்வதற்குச் சான்றாகாது. நோடுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் டொமைன் எண் இரண்டிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். இயல்பான எண் 0, அதன் கண்டறிதல் போர்ட் யுடிபி 7400.

கேள்வி கேட்டவர்:
இரண்டிலும் ஒரே எண்தான். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் ரவுட்டரே மல்டிகாஸ்ட்டைத் தடுக்கக்கூடும். டிடிஎஸ்-இன் ஒரு வகையான ஃபாஸ்ட் டிடிஎஸ் பயன்படுத்தினால், ஒரு கணினியில் நோடுகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் டிஸ்கவரி சர்வரை இயக்கி, அதன் முகவரியை இரண்டு கணினிகளின் நோடுகளுக்கும் கொடுங்கள். அதன்பின் நோடுகள் தென்பட்டும் லைடார் (லேசர் தூர உணரி) தரவு வராவிட்டால், அனுப்பும் நோடின் அமைப்பு பெஸ்ட் எஃபர்ட்டாகவும் (தரவு சேர்வதற்கு உறுதி தராதது) பெறும் நோடின் அமைப்பு ரிலையபிளாகவும் (உறுதியைக் கோருவது) உள்ளனவா என்று பாருங்கள். அந்த இணையில் தரவு பாயாது.