வெப்லி மார்க் 4: மூன்று இடத்தில் மூன்று எண், படிவத்தில் எதை எழுதுவது?

சாட்ஸ்வொர்த்_சேகரிப்பு:
வணக்கம். இறந்துபோன ஒருவருடைய உடைமைகளிலிருந்து வந்த .455 வெப்லி ரிவால்வர் (பழைய பிரிட்டிஷ் ராணுவக் கைத்துப்பாக்கி) ஒன்று டர்பனில் ஒரு டீலரிடம் இருக்கிறது. விலை பேசுவதற்கு முன் முத்திரைகளைச் சரிபார்க்க வேண்டும். 4 அங்குலக் குழல், அடியில் வளைந்து முடியும் கைப்பிடி. மேல்பட்டையின் இடப்பக்கம் 'மார்க் 4' என்று ரோமன் எண்ணில் இருக்கிறது. சட்டத்தின் (ஃபிரேம்) வலப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே, 89-இல் தொடங்கும் ஐந்து இலக்கம் (மீதியை இங்கே போடவில்லை). சிலிண்டரில் 94-இல் தொடங்கும் வேறு ஐந்து இலக்கம். கைப்பிடியின் பின்பட்டையில் 217, பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்துகள். தனி அம்பு ஒன்று, நுனியோடு நுனி முட்டும் இரண்டு அம்புகள், யூ எழுத்துக்குள் ஓர் அம்பு. வருடம் எங்கேயும் இல்லை. லைசென்ஸ் படிவத்தில் சீரியல் நம்பர் என்று எதை எழுதுவது? சிலிண்டர் எண் ஒத்துப்போகாவிட்டால் வாங்கலாமா?

நேட்டால்_முத்திரை:
சட்டத்தில் இருப்பதுதான் சீரியல். மற்ற இரண்டையும் அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள்.

217 படைப்பிரிவோ காவல் நிலையமோ போட்ட வரிசை எண்ணாக இருக்க வேண்டும். பின்பட்டையில் அடிப்பது பிரிட்டிஷ் ராணுவ வழக்கம்: பிரிவின் சுருக்கெழுத்து, பிறகு அந்தப் பிரிவுக்குள் ஆயுதத்தின் எண். தேய்ந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தால் விலையே மாறும். அவசரப்பட்டு 'இது இன்ன ரெஜிமென்ட்' என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே சுருக்கெழுத்தை இரண்டு மூன்று பிரிவுகள் வைத்திருந்ததுண்டு.

சிலிண்டர் விஷயத்தில் இரண்டு சாத்தியம். பட்டறையில் ஆர்மரர் (ராணுவ ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவர்) மாற்றியிருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணின்மேல் கோடு அடித்து, சட்டத்தின் எண்ணைப் பக்கத்தில் குத்தியிருப்பார். கோடும் இல்லை, புது எண்ணும் இல்லை என்றால் பின்னாளில் யாரோ இரண்டு துப்பாக்கியைக் கலந்து ஒன்றாக்கியிருக்கலாம். குழலிலும் எண் இருக்கிறதா பாருங்கள். குழலும் சட்டமும் ஒத்து சிலிண்டர் மட்டும் வேறு என்றால் பரவாயில்லை, விலையைக் குறைத்துப் பேசுங்கள். மூன்றும் மூன்று விதம் என்றால் உதிரிபாகக் கணக்கில்தான் நான் மதிப்பிடுவேன்.

அடுத்த மாடலான மார்க் 5-இன் சிலிண்டர் கொஞ்சம் பருமன். அதனால் சந்தேகம் இருந்தால், நல்ல மார்க் 4 ஒன்றின் சிலிண்டரோடு வெர்னியர் அளவுகோலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்புகள்: தனி அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து. நுனி முட்டும் இரட்டை அம்பு, அரசுக் கணக்கிலிருந்து விற்றுக் கழித்தது. யூ-வுக்குள் அம்பு நம் தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் குறி. கனடாவுக்கு சி-க்குள் அம்பு, இந்தியாவுக்கு ஐ என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று உண்டு. யூனியன் பிறந்தது 1910 மே 31. அதற்கு முன் அந்தக் குறி வர வழியே இல்லை.

வருடம் இல்லையே என்று பதற வேண்டாம். மார்க் 6-இல்தான் அது பளிச்சென்று கண்ணில் படும். மார்க் 4-க்கு ஒப்புதல் கிடைத்தது 1899, மார்க் 5 வந்தது 1913. உங்கள் துப்பாக்கி அந்த இடைவெளியில் உட்காரும்.

பீனிக்ஸ்_லென்ஸ்:
தேய்ந்த எழுத்துக்கு ஒரு வழி. டீலர் துப்பாக்கியைத் திறந்து ஆறு அறையும் காலி என்று காட்டிய பிறகு, அறையின் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். சின்ன டார்ச்சை உலோகத்தை ஒட்டினாற்போல, 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம், போனை அசையாமல் வைத்து. நேராக ஃபிளாஷ் அடித்தால் பள்ளம் எல்லாம் மறைந்துபோகும். 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அழுக்கு அடைத்திருந்தால் துருநீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சி முனையால் எடுக்கலாம். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ், சுழலும் பஃப் எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கினால் முத்திரையின் விளிம்பு போய்விடும், போனது போனதுதான். கைப்பிடித் தகடு வல்கனைட் (கெட்டியாக்கிய ரப்பர்). திருகுப்பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் கழற்றினால் திருகைச் சுற்றி விரிசல் விடும்.

இன்னொன்று. சிலிண்டரின் பின்முகத்தைச் சீவியிருக்கிறார்களா பாருங்கள். அமெரிக்காவில் .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவை அரைவட்டக் கிளிப்பில் போட்டுச் சுடுவதற்காக ஏராளமான வெப்லிகளை இப்படிச் செதுக்கினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தத்துக்கு இவை கட்டப்பட்டவை அல்ல. குழலில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்ததோ என்று சந்தேகப்படுங்கள். 1890-க்குப் பிறகு அங்கே இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் கட்டாயம்.

ஐயாவு_மாரிட்ஸ்பர்க்:
லைசென்ஸ் சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன் தம்பி, பலர் இதில்தான் சிக்குகிறார்கள். 'நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்' என்பது தவறு. உலோகத் தோட்டா போடும் ரிவால்வர் எவ்வளவு பழசானாலும் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி (2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண்) அது துப்பாக்கிதான். சேகரிப்புக்கு என்றால் 17-ஆம் பிரிவு. அதற்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கம் வழியாகப் போக வேண்டும். தகுதிச் சான்றிதழ் முதலில், பிறகு லைசென்ஸுக்கான எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கக் காவல்துறை) 271 படிவம்.

சீரியல் அழிந்திருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, துப்பாக்கிப் பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாதவரை அது 4-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். சிலிண்டரின் 94-ஐ ராவிவிட்டு 89 குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். ஒத்துப்போகாத எண்ணை மறைக்காமல் கடிதத்தில் குறிப்பிட்டு, படங்களோடு ஸ்டேஷனில் உள்ள துப்பாக்கி அதிகாரியிடம் கொடுங்கள்.

சாட்ஸ்வொர்த்_சேகரிப்பு:
நன்றி ஐயா, நன்றி அண்ணன்மார்களே. டார்ச் வைத்துப் பார்த்தேன். குழல் எண் சட்டத்தோடு ஒத்துப்போகிறது. சிலிண்டரில் கோடு இல்லை, பின்முகம் சீவப்படவில்லை. குழலில் கிரீடம், அதன்கீழ் ஈ, ஆர், குறுக்கே இரண்டு கொடி, பி. கிரீடத்தோடு 'பிபி', 'என்பி' போன்றவை எங்கேயும் இல்லை. அது குறையா?

நேட்டால்_முத்திரை:
குறை இல்லை, நல்ல சேதி. நீங்கள் பார்த்தது ராணுவச் சோதனை முத்திரை, அதாவது குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்த்ததற்கான குறி. ஈ.ஆர். ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. (1952-க்குப் பிறகு வந்த எலிசபெத்துக்கும் அதே எழுத்துதான், மார்க் 4-க்கு அது பொருந்தாது.) பிபி, என்பி இரண்டும் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் 1904-க்குப் பிந்தைய வணிகக் குறிகள். ராணுவம் கழித்ததைப் பிரிட்டனில் வெளியாருக்கு விற்க அவை தேவைப்பட்டன. அவை இல்லை, யூ இருக்கிறது என்றால், எட்வர்ட் காலத்தில் சோதித்த துப்பாக்கி இங்கேயே யூனியன் கைக்கு மாறி, இங்கேயே விற்றுக் கழிக்கப்பட்டிருக்கலாம். கதை ஒட்டுகிறது.

ஆனால் யூ குறியை மட்டும் லென்ஸில் பாருங்கள். விலை ஏற்றுவதற்காகப் புதிதாக அடிக்கிற முத்திரை இதுதான். பழைய அடி என்றால் சுற்றியிருக்கும் உலோகத்தின் தேய்மானமும் நிறமும் பள்ளத்துக்குள்ளும் தொடரும். புதிது என்றால் விளிம்பில் பிசிறு எழும்பி நிற்கும், பள்ளத்தின் அடி வெளிறியிருக்கும், அல்லது கறுப்புச் சாயம் பூசியது போல ஒரே சீராக இருக்கும்.