சாமஸ் ரிட்டர்ன்ஸ் கடைசியில ரிட்லிக்கு என்ன வேலை?

பழைய_பேட்டரி:
மெட்ராய்ட் 2 வீடியோ கேமை விட அதோட த்ரீடிஎஸ் ரீமேக் சாமஸ் ரிட்டர்ன்ஸ் "எல்லா விதத்துலயும்" ஒசத்தின்னு நேத்து ஒரு மகான் எழுதியிருந்தார். 1991ல கேம் பாய்ல வந்த மெட்ராய்ட் 2 முடிவு தெரியுமா சார்? நாயகி சாமஸ் கையால மெட்ராய்ட் ஜந்துகளோட ராணி செத்தாச்சு. முட்டை பொரிஞ்சு குட்டி மெட்ராய்ட் சாமஸ் பின்னாடியே வருது, வழிய மறிக்கிறதையெல்லாம் தின்னு வழி விடுது. ஷிப் வரைக்கும் ஒரு எதிரி கிடையாது. ஒரு இனத்தையே அழிச்சுட்டு வர்றவ சும்மா நடந்து போறா. 2017 ரீமேக்ல அங்க ரிட்லிங்கற டிராகன் வில்லனைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க!

த்ரீடிஎஸ்_குமார்:
அந்த மகான் நான்தான். மேப் இல்லாம ஒரே மாதிரி குகையில சுத்துறதுதான் கலையா? இப்ப கீழ் ஸ்கிரீன்லயே மேப், எந்தப் பக்கமும் குறி வைக்கலாம்.

பழைய_பேட்டரி:
மேப் பத்தி யார் கேட்டா? ரிட்லி எதுக்கு?

த்ரீடிஎஸ்_குமார்:
அடுத்த கதையான சூப்பர் மெட்ராய்ட் ஆரம்பத்துல குட்டியத் தூக்கிட்டுப் போறது யாரு? அந்தக் கதைக்கு இது லீட், முன்னோட்டம். குட்டி ரிட்லி மேல ஒட்டி சக்தியை உறிஞ்சுதே, அதைப் பார்த்துமா மனசு இரங்கல?

பழைய_பேட்டரி:
1994ல சூப்பர் மெட்ராய்ட் லீட் இல்லாமத்தான் வந்துச்சு. யாரும் அழல.

சும்மா_வந்தேன்:
மெட்ராய்ட் 2-க்கு ரசிகர் பண்ண ரீமேக் ஏஎம்2ஆர் 2016ல வந்துச்சே, மேப் உண்டு, கடைசியில ரிட்லி இல்ல. மெட்ராய்டுக்குச் சொந்தக்கார கம்பெனி நின்டெண்டோ உடனே நோட்டீஸ் விட்டு இறக்கிடுச்சு. எரிச்சல் போல.

த்ரீடிஎஸ்_குமார்:
அடுத்தவன் சொத்தை எடுத்துப் பண்ணா நோட்டீஸ் விடாம மாலையா போடுவாங்க?

சும்மா_வந்தேன்:
சாமஸ் ரிட்டர்ன்ஸ்ல ஃப்யூஷன்ங்கற கஷ்டமான மோடை, தனியா காசு குடுத்து வாங்கற அமீபோ பொம்மைக்குள்ள பூட்டி வெச்சாங்களே, அது மட்டும் யோக்கியமா?

த்ரீடிஎஸ்_குமார்:
காசு குடுத்து வாங்கினவன் பேசட்டும். கேமை வாங்காம கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர் கோஷ்டி ஓரமா நில்லுங்க.

பழைய_பேட்டரி:
பொம்மைய விடுங்கப்பா. இதே புத்திதான் ஆட்டம் பூரா. வௌவால் மாதிரி சின்ன ஜந்து கூட பாய்ஞ்சு வரும், நின்னு, அது பாயற நேரம் பார்த்துத் திருப்பிக் கவுன்ட்டர் அடிக்கணும். சும்மா நடக்க விட மாட்டாங்க. கடைசியிலயும் விடல, ரிட்லி!

த்ரீடிஎஸ்_குமார்:
கவுன்ட்டர் டைமிங் வரலன்னு நேரா சொல்லுங்கண்ணே. போன வருஷம், இதுக்கு அப்புறம் வந்த மெட்ராய்ட் ட்ரெட் கேம் பத்தின திரியிலயும் இதே பாட்டுதான்.

பழைய_பேட்டரி:
ட்ரெட்ல ஓடிக்கிட்டே கவுன்ட்டர் அடிக்கலாம். ஏன் மாத்தினாங்களாம்? யோசி தம்பி. ரிட்லிக்கு இன்னும் பதில் வரல.

த்ரீடிஎஸ்_குமார்:
சொல்லியாச்சு. மேல போய்ப் படிங்க.

பழைய_பேட்டரி:
படிச்சேன். லீடாம்!

சும்மா_வந்தேன்:
எமுலேட்டர் கோஷ்டின்னு யாரைச் சொன்னே குமாரு? என்கிட்ட கேட்ரிட்ஜே இருக்கு, போட்டோ போடவா?